துணி அறை வகுப்பைத் திரும்பத் திறக்கக் கோரி

அனுப்புநர்:
கேப்டன், மூன்றாம் ஆண்டு உறைவிட மருத்துவர்,
பொது மருத்துவப் பிரிவு,
ராணுவ மருத்துவமனை மற்றும் மருத்துவக் கல்லூரி.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
ராணுவ மருத்துவக் கல்வித் துறை,
படைத் தலைமையகம்.

(உரிய வழியாக)

பொருள்: உறைவிட மருத்துவர்கள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லக் கூடாது என்ற ஆணையை விலக்கவும், கற்பிப்பதை அவர்களது பயிற்சியின் ஒரு பகுதியாகச் சேர்க்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. பயிற்சிப் பிரிவின் சுற்றறிக்கை. 2. எனக்கு வழங்கப்பட்ட எழுத்துமூல எச்சரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ராணுவத்தில் ஒருவர் மனு எழுதினால், விடுப்பு கிடைக்காதவர் அல்லது இடமாற்றம் பிடிக்காதவர் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டும் என் மனுவில் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நான் பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டே இங்கு நோயாளிகளைக் கவனித்துவரும் உறைவிட மருத்துவர். படிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறேன். நான் கேட்பது, இருக்கிற வேலையோடு சேர்த்துப் பாடம் நடத்தவும் அனுமதி. கூடுதல் வேலை கேட்டு வரும் மனுக்கள் தங்கள் மேசையில் அதிகம் இருக்காது என்ற நம்பிக்கையில், இதைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. வெளியே மேற்படிப்பு முடிக்கும் மருத்துவர் இன்னொரு பெரிய மருத்துவமனைக்குப் போவார். சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவார். எங்களுக்கு அப்படி இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. படிப்பு முடிந்த கையோடு, மலையிலோ மணலிலோ உள்ள ஒரு முகாமுக்கு அனுப்பப்படுகிறோம். அங்கு மருத்துவர் ஒரே ஒருவர். அவருக்குக் கீழே மருத்துவ உதவியாளர்கள் சிலர். அவர் விடுப்பில் போனாலும், காய்ச்சலில் படுத்தாலும், வேறொரு நோயாளியோடு வண்டியில் ஏறினாலும், முகாமில் உள்ள அத்தனை பேரின் உயிரும் அந்த உதவியாளர்கள் கையில்தான். ஆகவே முகாமில் சேர்ந்ததும் எங்களுக்குத் தரப்படும் முதல் பொறுப்பு, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. நியமன ஆணையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எப்படிக் கற்பிப்பது என்று இந்தக் கல்லூரியில் யாரும் எங்களுக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. மருத்துவம் தெரிந்தவருக்கு அதைச் சொல்லித் தரவும் தானாகத் தெரிந்துவிடும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

3. எனக்கு ஓராண்டு மூத்த உறைவிட மருத்துவர் ஒருவர் இருந்தார். வார்டில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். காலைச் சுற்றுக்கு அவர் வந்து நின்றால், செவிலியர்கள் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள். இறுதித் தேர்வில் அவர்தான் முதலிடம். அவரைப் பற்றி இங்கு எழுதுவது அவருடைய முழுச் சம்மதத்தோடுதான். “எழுது, என் கதைக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கட்டும்” என்று அவரே சொன்னார். அவர் தூரத்து முகாம் ஒன்றுக்குப் போனார். போய்ச் சேர்ந்த வாரமே உதவியாளர்களைக் கூட்டி, ரத்தப்போக்கை நிறுத்துவது பற்றித் திரையில் படம் போட்டு வகுப்பு எடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தேகம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை.

4. சில மாதங்கள் கழித்து, அவர் மார்வலி வந்த ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்த வேளையில், முகாமில் வண்டி கவிழ்ந்து ஒரு சிப்பாயின் தொடை கிழிந்தது. உதவியாளர்கள் ஓடிப்போய் இறுக்குப் பட்டையைச் சரியான இடத்தில்தான் கட்டினார்கள். இறுக்கியதும் சிப்பாய் வலி தாங்காமல் கத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் பட்டையைத் தளர்த்தினார்கள். ரத்தம் மீண்டும் வந்தது, மீண்டும் இறுக்கினார்கள், அவர் கத்தினார், மீண்டும் தளர்த்தினார்கள். சிப்பாய் பிழைத்துக்கொண்டார். கால் பிழைக்கவில்லை. உதவியாளர்கள் மீது விசாரணை வந்தபோது, கடிகாரம் பொறுப்பைத் தன் மேல் ஏற்று அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்.

“இறுக்கிக் கட்டுங்கன்னு சொன்னேன். இறுக்கினா அவன் கத்துவான், கத்தினாலும் விடாதீங்கன்னு சொல்லல. அது எனக்குத் தெரியும். சொல்லணும்னு தோணல. எனக்கு வைத்தியம் தெரியுது, சொல்லிக் குடுக்கத் தெரியல.”

தேர்வில் முதலிடம் பெற்றவர் இதைச் சொன்னார், ஐயா. நான் அதுபோன்ற ஓர் இடத்துக்கு அடுத்துப் போக வேண்டியவள். தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

5. அதற்குப் பிறகுதான் எங்கள் வார்டுத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் லெப்டினன்ட் கர்னல், நல்ல ஆசிரியர். ஆனால் ஆசிரியர்கள் குறைவு, களப்பணிக்கு இழுக்கப்படுபவர்கள் அதிகம் என்பதால், அவருடைய வகுப்புகளிலும் பாதி ரத்தாகிவிடும். மாணவர்கள், அதாவது கேடட்டுகள், நடைபாதையில் சுவரோடு சுவராக நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பாடம் எடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக எடுங்கள், நோயாளிகளுக்குத் தொந்தரவு இல்லாத இடமாகப் பாருங்கள் என்றார். மருத்துவமனைத் துணி வெளுப்பது ஒப்பந்தக்காரருக்குப் போனதிலிருந்து, வார்டின் கோடியில் துணி அறை சும்மாவே கிடந்தது. பழைய போர்வைக் கட்டுகள், ஒற்றைச் சன்னல், காலாடும் ஒரு நீண்ட இஸ்திரி மேசை. மேசைக் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்து அதைக் கட்டிலாக்கினோம். போர்வைக் கட்டுகள் இருக்கைகளாயின.

6. என் முதல் வகுப்பு படுதோல்வி. இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வெப்பத்தாக்கு பற்றிப் பேசினேன். உடல் எப்படிச் சூட்டை வெளியேற்றுகிறது என்பதில் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினேன். முடித்ததும் ஒரு கேடட் எழுந்து, நோயாளியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதை நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கணவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். வீட்டில் அதே பாடத்தை அவர் முன் நடத்திக் காட்டினேன். எங்கள் மகளை நோயாளியாகப் படுக்கவைத்தோம். அவள் நடுவிலேயே தூங்கிப்போனாள். கணவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “நீ சுவருக்குப் பாடம் எடுக்கற. பிள்ளைங்களைப் பாரு. ஒரு ஆளுக்கு ஒரு வேலை குடு. குடுத்த வேலைய அவன் வாயாலயே திருப்பிச் சொல்ல வை. அவன் சொல்லும்போதுதான் நீ என்ன சொல்லிக் குடுத்தன்னு உனக்கே தெரியும்” என்றார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான வழிமுறை என்று முதலில் எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. செய்து பார்த்தேன். வேலை செய்தது.

7. அதன் பிறகு துணி அறையில் நான் அதிகம் பேசியதில்லை. கேடட்டுகள் செய்வார்கள், செய்வதைச் சொல்வார்கள், பிறகு ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித் தருவார். சொல்லித் தரும்போது எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் பாடம். எங்கள் வகுப்பில் இளநிலை மாணவி ஒருவர் இருந்தார். சக மாணவர்கள் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். குரலே எழும்பாது என்பதால் வைத்த கிண்டல் பெயர். முதல் சில வாரங்கள் அவர் வாய் அசைவதைத்தான் பார்த்தோம். பிறகு மெல்லமெல்லச் சத்தமும் வந்தது. அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்தும் குழந்தைகள் பிரிவிலிருந்தும் மற்ற உறைவிட மருத்துவர்கள் தாமாகவே வந்து வகுப்பெடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துத்தான் வந்தார்கள். சொல்லித் தரப் போகிறோம் என்பதற்காகவே மறந்துபோனதைத் திரும்பப் படித்தோம். நோயாளியிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதுகூட மாறிவிட்டதாகத் தலைமைச் செவிலியர் சொன்னார். அவர் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் அல்லர்.

8. கடிகாரத்தின் அனுபவத்தைக் கேட்ட பிறகு, இறுக்குப் பட்டைப் பயிற்சியில் நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். படுத்திருப்பவர் நிஜமாகவே கத்த வேண்டும். கட்டுபவர், பாதத்தில் நாடி நிற்கும்வரை கையை விடக் கூடாது. பயிற்சி நிதானமாகவும், உடனே அவிழ்க்கும் ஏற்பாட்டோடும் நடந்தது. பயிற்சிப் பிரிவின் துணை இயக்குநராகப் புதிதாகப் பொறுப்பேற்ற கர்னல் அவர்கள் வார்டைப் பார்வையிட வந்த அன்று, அந்தக் கத்தல் நடைபாதைவரை கேட்டிருக்கிறது. யாருக்கோ ஆபத்து என்று நினைத்துக் கதவைத் திறந்தார். இஸ்திரி மேசையில் ஒரு கேடட் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, மற்றவர்கள் போர்வை மூட்டைகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நல்லபடியாக நினைத்திருக்க மாட்டேன்.

9. அவர் குரலை உயர்த்தவில்லை. கேடட்டுகளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க இங்க படிக்க வந்தவங்க. நீங்களே இன்னும் முடிக்கல. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா யாரு பதில் சொல்றது?” வார்டுத் தலைவரின் அனுமதி இருக்கிறது என்றேன். எழுத்தில் காட்டச் சொன்னார். எழுத்தில் இல்லை. வார்டுத் தலைவர் அடுத்த நாளே அவரைச் சந்தித்து, தான் அனுமதித்ததை ஒப்புக்கொண்டார். அதற்காக அவரும் கடிந்துகொள்ளப்பட்டார். அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் தவிர வேறு யாரும் கேடட்டுகளுக்கு எந்த இடத்திலும், எந்த வடிவிலும் பாடம் சொல்லக் கூடாது. எனக்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்கப்பட்டு என் பணிக் கோப்பில் சேர்க்கப்பட்டது. துணி அறைக்குப் பூட்டுப் போடப்பட்டது.

10. ஆணையை நான் மீறவில்லை. நோயாளியின் படுக்கையருகே ஒரு கேடட் ஏதாவது கேட்டால், பேராசிரியரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நகரப் பழகிக்கொண்டேன். அப்போது வயிற்றில் நீர் கோத்து எங்கள் வார்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ லாரி ஓட்டுநர். நாங்கள் படும் பாட்டைச் சில நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கேடட்டுகள் அவரைச் சுற்றி நிற்கும்போது, அவராகவே வயிற்றைத் தட்டிக் காட்டினார். “ஏம்மா, நேரா படுத்தா இங்க ஒரு சத்தம் வருது, திரும்பிப் படுத்தா வேற சத்தம் வருது. அது ஏன்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்.” நோயாளிக்குத் தன் நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று நம் மருத்துவமனை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆகவே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதையும், அதற்கேற்ப ஒலி மாறுவதையும் அவருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவருக்குத் தினமும் ஒரு சந்தேகம் வந்தது. கேடட்டுகள் வரும் நேரத்தில் மட்டும் வந்தது. அவர் வீடு திரும்பும் முன் வழக்கமான பரிசோதனைகளோடு காதையும் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் படைக்கு உழைத்தவர் என்ற முறையில் அவரை இங்கு நன்றியோடு குறிப்பிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மனு எழுத எனக்கு விருப்பமில்லை. தவறு என்று தாங்கள் கருதினால் அதற்கும் நானே பொறுப்பு.

11. இனி இந்த மனுவை எழுதத் தூண்டிய நிகழ்வு. கோடையின் தொடக்கத்தில், புதிதாகச் சேர்ந்த படைவீரர்களின் நெடுநடைப் பயிற்சிக்கு மருத்துவத் துணையாகச் சில கேடட்டுகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ரேடியோவும் ஒருவர். உடன் செல்ல வேண்டிய ஆசிரியர் வேறொரு பணிக்கு அழைக்கப்பட்டிருந்தார். வழியில் ஒரு வீரர் வரிசையிலிருந்து விலகித் தள்ளாடி, கடைசியில் உட்கார்ந்துவிட்டார். நடைப் பயிற்சியாளர் அனுபவசாலி. நடக்க அலுத்து நடிப்பவர்களை நிறையப் பார்த்தவர். கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு எழுப்பி நடக்கவிடும்படி சொன்னார். ரேடியோ அந்த வீரரிடம் பேச்சுக் கொடுத்தார். வீரர் அவரை அக்கா என்று கூப்பிட்டு, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது.

நடந்ததைப் பயிற்சியாளரே பிறகு என்னிடம் சொன்னார். குரலே எழும்பாத அந்தப் பெண் அவர் எதிரே நின்று, “இல்ல சார். இவரு நடிக்கல, குழம்பிப்போய் பேசறாரு. இங்கயே குளிர வெக்கணும், அப்புறம்தான் வண்டி” என்று சொன்னாராம். தூக்கிக்கொண்டு ஓடுவதுதானே முறை என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, போகிற வழியில் மூளை வெந்துவிடும் என்றாராம். பயிற்சியாளர் ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்தில் ஒதுங்கத் தெரிந்ததற்காக அவரும் பாராட்டுக்கு உரியவர்.

12. அங்கே மருத்துவம் தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது. மற்ற கேடட்டுகள் வரிசையின் முன்பகுதியில், வெகு தூரத்தில் இருந்தார்கள். சுற்றி நின்ற வீரர்கள் படையில் சேர்ந்து சில வாரங்களே ஆனவர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ரேடியோ அவர்களில் மூவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ஒருவருக்குத் தண்ணீர் வண்டியிலிருந்து விடாமல் ஊற்றும் வேலை. ஒருவருக்கு விசிறும் வேலை. மூன்றாமவருக்கு, படுத்திருப்பவரிடம் பேசிக்கொண்டே இருந்து, பதிலில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லும் வேலை. ஒவ்வொருவரையும் தன் வேலையைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே கையை வைக்கவிட்டார். உடல் குளிர்ந்து, அந்த வீரர் தன் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகு வண்டியில் ஏற்றினார்கள்.

13. அவர்கள் வந்து சேர்ந்தது எங்கள் வார்டுக்கு. அன்று பணியில் இருந்தவள் நான். வந்தவரின் உடல் சூடு பெருமளவு இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கூட வந்த வீரர்களைக் கேட்டேன். ஈரச் சட்டையோடு முதலாமவர், “நான் தண்ணி ஊத்தினேன் டாக்டர். அவங்க சொல்ற வரைக்கும் நிறுத்தல” என்றார். மற்ற இருவரும் அதேபோலத் தங்கள் பங்கைப் பிசகில்லாமல் சொன்னார்கள். மருத்துவப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் அவர்கள். ஒரு மாணவி, வெயிலில், சில வார்த்தைகளில் சொல்லித் தந்ததை அப்படியே செய்து ஓர் உயிரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த வீரர் சில நாட்களில் தன் காலாலேயே நடந்து வெளியேறினார். பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் என்னால் அடுத்த நோயாளியைப் பார்க்க முடிந்தது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. அந்த வீரர் இன்னும் வார்டில் இருந்தபோதே, கல்லூரியின் வாராந்திர அணிவகுப்பில் கர்னல் அவர்கள் ரேடியோவை முன்னால் அழைத்துப் பாராட்டினார். மனமாரத்தான் பாராட்டினார். மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இதை எந்த ஆசிரியரின் வகுப்பில் கற்றீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் முதலில் தயங்கினார். பிறகு, “துணி ரூம்ல கத்துக்கிட்டேன் சார். ரெசிடென்ட் மேடம் சொல்லிக் குடுத்தாங்க” என்றார். எப்போதும் எழும்பாத குரல் அன்று மைதானம் முழுக்கக் கேட்டது. அணிவகுப்பு கலைந்தது.

15. அன்று மாலை அவர் தனியாக வார்டுக்கு வந்தார். அந்த வீரரைப் பார்த்துவிட்டு, என்னைத் தன்னோடு நடக்கச் சொன்னார். துணி அறையின் பூட்டுக்கு முன்னால் நின்று, என் மீதான எச்சரிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவதாகவும், அத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எச்சரிக்கை கோப்பில் இருந்தால் மேஜர் பதவிக்கான பரிசீலனையில் என் பெயர் பின்தள்ளப்படும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிப் போனால் மனம் மாறிவிடும் என்ற பயத்தில் அங்கேயே பதில் சொன்னேன்: “எச்சரிக்கை இருக்கட்டும் சார். சுற்றறிக்கையை எடுங்க.”

அதற்கு அவர், “அது தலைமையகம் வரைக்கும் போய் ஒப்புதல் ஆயிடுச்சு. இப்ப என் கையில இல்ல. மேல எழுதுங்க. என் மேசையில உங்க மனு ஒரு நாள்கூட தூங்காது” என்றார். நான் சொன்ன அத்தனையையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவருடைய கேள்வி அவருக்கு இன்னும் இருக்கிறது.

16. அந்தக் கேள்வி நியாயமானது என்பதால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தவறு நடந்தால் யார் பொறுப்பு? உறைவிட மருத்துவர் தப்பாகச் சொல்லித் தர வாய்ப்பு உண்டு. என் முதல் வகுப்பே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் தவறை இந்தக் கட்டடத்துக்குள், பேராசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது செய்தால், அன்றைக்கே திருத்திவிடலாம். முகாமில் செய்தால் திருத்த ஆளில்லை. கடிகாரம் தன் முதல் வகுப்பை இங்கே எடுத்திருந்தால், யாராவது ஒருவர் கையைத் தூக்கி, அவன் கத்தினால் என்ன செய்வது என்று கேட்டிருப்பார். எங்களைப் பாடம் நடத்தாமல் தடுப்பதால் நாங்கள் பாடம் நடத்தாமல் இருக்கப்போவதில்லை. முதல் பாடத்தைப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில் நடத்தப்போகிறோம். அவ்வளவுதான். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. தூக்கத்தையும் சாப்பாட்டையும் வெட்டிக்கொண்டு நடத்தும் வகுப்பு நெடுநாள் தாங்காது. அதனால்தான் இதை எங்கள் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல் துறையே கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

17. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து:

(அ) மேற்படி சுற்றறிக்கையை விலக்கிக்கொள்ளவும்;

(ஆ) ஒவ்வோர் உறைவிட மருத்துவரும் பயிற்சிக் காலத்தில் கேடட்டுகளுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், பாடம் நடத்த வகைசெய்யவும், எப்படி நடத்துவது என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்லித் தரவும்;

(இ) அந்த நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கில் கொள்ளவும், நோயாளிகளைக் கவனிக்கும் திறமையைப் போலவே கற்பிக்கும் திறமையையும் மதிப்பிட்ட பிறகே எங்களை முகாம்களுக்கு அனுப்பவும்;

(ஈ) துணி அறையின் பூட்டைத் திறக்கவும், முடிந்தால் ஆடாத மேசை ஒன்று தரவும்

ஆணையிட வேண்டுகிறேன்.

18. என் எச்சரிக்கையை ரத்து செய்யும்படி நான் கேட்கவில்லை. இது ஒருவருடைய சொந்தக் குறை என்று முடிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே காரணம். அதைப் பற்றித் தாங்கள் எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

19. தங்கள் ஆணை வரும் முன்பே நான் முகாமுக்குப் புறப்பட்டிருக்கலாம். அப்படியானால் இதன் பலன் எனக்குக் கிடைக்காது; எனக்குப் பின் வருபவர்களுக்குக் கிடைத்தால் போதும். ஆணை வரும்வரை சுற்றறிக்கைக்கு முழுமையாகக் கட்டுப்பட்டு நடப்பேன். மனு ஏற்கப்படாவிட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கே அனுப்பினாலும் அங்கிருந்தே அந்தக் காரணத்துக்குப் பதில் எழுதி, அடுத்த மனுவை அனுப்பிவைப்பேன்.

இடம்: பொது மருத்துவ வார்டு, ராணுவ மருத்துவமனை வளாகம்
நாள்: ஜூன் 12

தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டும், இந்தக் கோரிக்கையிலிருந்து பின்வாங்காமலும்,

(ஒப்பம்)
கேப்டன்,
மூன்றாம் ஆண்டு உறைவிட மருத்துவர்